ராணி யாரையும் அடிப்பதில்லை

மாசி மாதக் கரிசல் காட்டில் பருத்தி மட்டும்தான் பாக்கி இருக்கும். உளுந்தும் பாசியும் தையிலேயே களம் கண்டிருக்கும். மக்காச்சோளத் தட்டை காய்ந்து சலசலத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து உப்பிய கறுப்பு மண், ஈரம் வற்றி முதல் வெடிப்பு விடத் தொடங்கியிருக்கும். சித்திரை வந்தால் அதே வெடிப்பில் முழங்கை வரை கையை நுழைக்கலாம். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தால் இத்தனையையும் ஊர் வந்து சேர்வதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் இடைசெவலுக்குப் போவார்கள், கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று. இல்லாவிட்டால் எட்டயபுரத்துக்கு, பாரதி பிறந்த வீட்டைப் பார்க்க. நான் வந்தது குளவிக்கூடு பார்க்க. கோவில்பட்டியில் விலங்கியல் சொல்லித்தரும் நண்பர் ஒருவர் பல மாதங்களாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “நம்மாளுக்குக் கூட்டைப் பாத்ததும் மண்ணெண்ணெய்ப் பந்தம்தான் ஞாபகம் வரும். நின்னு பாத்தவன் கெடையாது. அதுக்குள்ள யாரு யாரை எதுக்கு அடிக்கான்னு பாருங்க. நீங்க நெனைக்கிற எடத்துல அடி விழாது” என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பஸ் ஏற்றியது.

கழுகுமலையில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். மேலே பாறை முகப்பில் வரிசை வரிசையாகச் சமணத் திருவுருவங்கள். இன்னொரு பக்கம், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோனது. நண்பர் அதையெல்லாம் கையால் காட்டிவிட்டு, பாறை ஒன்று முன்னால் புடைத்து நிழல் தருகிற இடத்துக்குக் கூட்டிப்போனார்.

வழியில் ஒரு சுவர் மூலையில் மண்கூடு இருந்தது. வீட்டில் குளவி மண்கூடு வைத்தால் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று பெண்கள் சொல்வது அந்தக் கூட்டைப் பார்த்துத்தான். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பழைய நம்பிக்கையும் அப்படித்தான் வந்தது. மண்குளவி தன் இனத்துக்கேற்பச் சிலந்தியையோ புழுவையோ கொட்டி, சாகவிடாமல் மயக்கி, அறைக்குள் வைத்து, அதன்மேல் முட்டையிட்டு வாயை மண்ணால் அடைக்கும். உள்ளே போனது உணவு. வெளியே வருவது அதைத் தின்று வளர்ந்த பிள்ளை. இந்தத் தாய்க்குக் கூட்டாளி கிடையாது. தன் பிள்ளையைத் தானே பார்ப்பதோடு சரி. ஒட்டு உறவும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை.

பாறைப் புடைப்புக்கு அடியில் தொங்கியது வேறு வகை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிறக் காகிதக் கூடு. கறுத்து மின்னும் ஒற்றைக் காம்பு ஒன்று அதைப் பாறையோடு பிடித்திருந்தது. வெளியுறை எதுவும் இல்லை. அறுகோண அறைகள் கீழ்நோக்கித் திறந்து கிடந்தன. சில அறைகளில் முட்டை, சிலவற்றில் கொழுத்த புழு, சிலவற்றின் வாயை வெள்ளை மூடி மறைத்திருந்தது. மேலே முப்பது நாற்பது குளவிகள். செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் மெல்லிய மஞ்சள் வரை, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்பது அறிவியல் பெயர். தென்னிந்தியாவில் ஜன்னல் சட்டத்திலும் தாழ்வாரத்திலும் நாம் தினம் கண்டும் காணாமலும் போகிற இனம்.

“பக்கவாட்டுல நில்லுங்க. மூச்சுக்காத்து கூட்டு மேல படக் கூடாது” என்றார் நண்பர். நான் சற்று நெருங்கியதும் கூட்டின் ஓரத்தில் இருந்த ஐந்தாறு குளவிகள் ஒரே நேரத்தில் என் பக்கம் முகம் திருப்பி இறக்கையை விரித்து உயர்த்தின. ஓரடி பின்வாங்கினேன். இறக்கைகள் மடங்கின. குளவி கொட்டுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் கொட்டுகிறது. நாம்தான் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கனத்த இரைச்சலோடு ஒரு கடந்தை வந்தது. கறுத்த உடம்பு, வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை, வெஸ்பா ட்ரோபிகா. தஞ்சைப் பக்கத்தில் கதண்டு என்பார்கள். அது நேராகக் கூட்டில் இறங்கியது. இப்போது பெரிய போர் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். எனக்கு இறக்கையை உயர்த்திக் காட்டிய அதே குளவிகள் ஒவ்வொன்றாகக் கூட்டைவிட்டு விலகிப் பாறையில் போய் உட்கார்ந்தன. கடந்தை நிதானமாக ஓர் அறைக்குள் தலையை விட்டு ஒரு புழுவை இழுத்தது. அங்கேயே மென்று உருட்டியது. அடுத்த அறைக்கு நகர்ந்தது. அது பறந்துபோன பிறகு குளவிகள் மெல்லத் திரும்பி வந்து, காலியான அறைகளுக்குள் உணர்கொம்பை நீட்டித் தடவிப் பார்த்தன.

பிள்ளையைத் தின்கிறவனிடம் அடி இல்லை. கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு வேறு. தன்னைவிடப் பல மடங்கு கனமான கடந்தையோடு மோதினால் பிள்ளையோடு தாயும் போய்விடும். இந்தக் குளவிகளுக்குக் குளிர்காலம் என்ற கெடு இல்லை; ஆண்டின் எந்த மாதத்திலும் கூடு தொடங்கலாம். பெரியவர்கள் உயிரோடு இருந்தால் அறைகளை மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்தக் குளவிகளை ஆராய்வதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். அதன் வலைக்கண் சிறிய குளவி வெளியே போய்வர இடம் கொடுக்கும், கடந்தையை உள்ளே விடாது. குளவி தானே செய்ய முடியாத காவலை வலை செய்தது.

மத்தியானத்துக்குள் கோவில்பட்டிக்குத் திரும்பிவிட்டோம். மில் சங்கு, கடலை மிட்டாய்ப் பாகின் வாசனை, தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள். இந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தீப்பெட்டிக்கு அப்படியொரு முத்திரை தேவைப்படவில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்றாலே நாட்டுக்குத் தெரியும். தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான்.

அப்படி ஓர் ஆபீஸின் பின்பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளிறிப்போன மரச்சட்டங்கள் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் ஒரு குளவி பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து காதைக் கொண்டுபோனால் சுரண்டும் ஒலிகூடக் கேட்டது. தாடையால் மரநாரைச் சீவிச் சீவி, எச்சிலில் குழைத்து, தாடைக்குக் கீழே சிறு உருண்டையாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது சீவிய தடம் மட்டும் சட்டத்தில் புதுமரத்தின் நிறத்தில் கோடு விழுந்திருந்தது. மரக்குச்சியும் காகிதமும் கொண்டு பிழைக்கிற ஊரில் குளவிக்கும் தொழில் அதுதான்: மரத்தைச் சீவிக் காகிதமாக்கி வீடு கட்டுவது.

நண்பர் அது பறந்த திசையைப் பார்த்து, பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தார். திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஆச்சி தலையைத் தூக்காமலே கேட்டார்:

“யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?”

“குளவிக்கூடு பாக்க வந்தோம் ஆச்சி.”

இப்போது தலை நிமிர்ந்தது. “குளவிக்கூடா? எந்த ஊரு உங்களுக்கு?”

ஊரைச் சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பிறகுதான் வாசல் நிலைக்கு மேலே ஓட்டுக்கு அடியில் இருந்த கூட்டைக் காட்டினார். “எத்தனையோ வருசமா இங்கனதான் கெட்டுது. எங்களை ஒண்ணுஞ் செய்யாது. எங்க மொகம் அதுக்குத் தெரியும். புது ஆளு வந்தா எறக்கையத் தூக்கும்.”

நண்பர் மறுக்கவில்லை, திருத்தவும் இல்லை. தெருவுக்கு வந்த பிறகு சொன்னார். ஆச்சி அந்த வாசலில் எப்படி நடமாட வேண்டும் என்பதைப் பழகிவிட்டார், தலையைத் திடீரென்று தூக்காமல், கூட்டின் பக்கம் கையை வீசாமல். அதனால் குளவிகள் பேசாமல் இருக்கின்றன. ஆனால் முகம் பார்க்கிற குளவி உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் போலிஸ்டஸ் ஃபஸ்கேட்டஸ் என்ற காகிதக் குளவியின் முகத்தில் மஞ்சளும் கறுப்பும் பழுப்புமாகக் கோலம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. எலிசபெத் டிப்பெட்ஸ் சில குளவிகளின் முகக் கோலத்தை வண்ணம் பூசி மாற்றிக் கூட்டில் விட்டார். கூட்டாளிகள் அவற்றைப் புது ஆளாக நினைத்து அடித்தன. அடையாளம் மாறாதபடி வண்ணம் பூசியவற்றுக்கு அவ்வளவு அடி விழவில்லை. 2002இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, இதே இனம் தன் இனத்து முகங்களை மற்ற உருவங்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்று 2011இல் ஷீஹனும் டிப்பெட்ஸும் காட்டினார்கள். அந்தக் குளவிகள் பார்ப்பது ஒன்றையொன்று. வீட்டு ஆச்சியை அல்ல.

ஆச்சி வீட்டு வாசலில் தொங்கும் ரோபாலிடியாவுக்கு முகம் முக்கியமில்லை, மணம்தான் முக்கியம். குளவியின் மேல்தோலில் மெழுகுத்தன்மை கொண்ட ஹைட்ரோகார்பன் படலம் இருக்கிறது. எந்தக் கூட்டுக்காரி என்பதை அதுதான் சொல்கிறது. வருகிறவளை வாசலில் இருப்பவள் உணர்கொம்பால் தொட்டுப் பார்ப்பாள். மணம் ஒத்துப்போனால் வழிவிடுவாள், இல்லாவிட்டால் கடி.

இந்த மணம் பிறப்போடு வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா? அருண் வெங்கட்ராமனும் கூட்டாளிகளும் பெங்களூரில் இதைச் சோதித்து 1988இல் எழுதினார்கள். சில குளவிகளைப் பிறந்தவுடன் கூட்டிலிருந்தும் கூடப்பிறந்தவர்களிடமிருந்தும் பிரித்துத் தனியே வளர்த்தார்கள். மற்றவை கொஞ்ச காலம் கூட்டோடு இருந்தன. பிறகு ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். கூட்டில் இருந்தவை தம் கூட்டாளியையும் அந்நியரையும் பிரித்தறிந்தன. தனியே வளர்ந்தவற்றுக்கு உடன்பிறந்தவளையே தெரியவில்லை. உடன்பிறந்தவளுக்கும் இவர்களைத் தெரியவில்லை. உடம்பில் ஒட்டும் அடையாளமும், மற்றவரை ஒப்பிட்டுப் பார்க்கும் நினைவும் இரண்டுமே கூட்டிலிருந்து வருகின்றன. ரத்தத்தில் எழுதி வைத்திருக்கவில்லை.

இதன் இன்னொரு பக்கம் வேடிக்கையானது. ஒரே கூட்டுக்குள் யார் நெருங்கிய சொந்தம், யார் தூரத்துச் சொந்தம் என்று இவற்றால் பிரிக்க முடிவதாகத் தெரியவில்லை. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்வதுண்டு. ஒரு ராணி போய் இன்னொருத்தி வருவதுமுண்டு. ஆகவே கூட்டுக்காரி உழைத்து ஊட்டுவது தங்கை தம்பிக்கு மட்டுமில்லை. அக்காள் பிள்ளை, சித்தி பிள்ளை எல்லாம் அந்த அறைகளில்தான் இருக்கும். ஒரு குளவி ஏன் தான் பெறாமல் பிறர் பிள்ளையை வளர்க்கிறது என்பதற்கு, நெருங்கிய ரத்த உறவின் மூலம் தன் மரபும் கடந்துபோகிறது என்று 1964இல் டபிள்யூ.டி. ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் ரோபாலிடியாவின் கூட்டில் ரத்தம் அவ்வளவு நெருக்கமாக இல்லை. அதையும் மீறி அவை ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

அந்நியர் எல்லோருக்கும் அடிதானா என்றால் அதுவும் இல்லை. வேறு கூட்டிலிருந்து வந்த வயதான குளவியை விரட்டுவார்கள். பிறந்து சில நாளே ஆன இளசாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். எச்.எஸ். ஆரதியும் கூட்டாளிகளும் 1997இல் எழுதிய ஆய்வில், அப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இளசுகள் அந்தக் கூட்டுப் பெண்களைப் போலவே வேலை செய்தன. இரை தேடப் போயின, பிள்ளைகளுக்கு ஊட்டின. சில ராணியாகவும் ஆயின.

கரிசல் கிராமத்தில் அந்நியன் கால் வைத்தால் கேட்கப்படுவது ஆச்சி கேட்டதுதான். யார் வீடு, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு. முதல் கேள்வி வாஞ்சையில் வருவது. மூன்றாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். குளவியும் வாசலில் நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறது. அது கேட்பது எங்கே வளர்ந்தாய் என்பதை. யாருக்குப் பிறந்தாய் என்று கேட்க அதற்குக் கருவி இல்லை.

பொழுது சாய்வதற்குள் எட்டயபுரம் சாலைக்குப் போய்விட வேண்டும் என்று நண்பர் அவசரப்படுத்தினார். கோவில்பட்டியின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து இருக்கிறது. மானாவாரிப் பருத்தி, சோளம், பயறு என்று இந்த மண்ணுக்கான வித்துகளை அங்கே தேர்ந்தார்கள். கருங்கண்ணிப் பருத்தி என்றால் பழைய ஆட்கள் இன்றும் கண் விரிப்பார்கள். சாலையின் இருபுறமும் உடையும் சீமைக்கருவேலமும். இடையிடையே கிணற்றுப் பாசனம் உள்ளவர்களின் பச்சைத் துண்டுகள். அப்படி ஒரு துண்டில்தான் நண்பர் சொன்ன மோட்டார் ரூம்.

புஞ்சைக்காரர் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். “வாங்க சார், வாங்க தம்பி” என்று இளநீர் வெட்டினார். கூட்டை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டேன்.

“மொதல்ல எரிக்கத்தான் இருந்தேன். சார்தான் ஒரு நாள் நிறுத்தி வச்சுப் பாக்கச் சொன்னாக. சோளக் குருத்துக்குள்ள இருந்து புழுவப் புடிச்சு மென்னு உருட்டிட்டு வந்துச்சு பாருங்க, அன்னைக்கு விட்டேன்.”

படைப்புழு 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்ணில் பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள்ளும் புகுந்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் கசக்கிறது. குளவி மட்டும் அதைத் தீர்த்துவிடாது. ஆனால் ஒரு கூடு நிறையப் பசித்த பிள்ளைகளுக்குத் தினமும் புழுதான் கறி என்பது சம்சாரிக்குச் சின்ன விஷயமில்லை.

மோட்டார் ரூமின் கான்கிரீட் பலகைக்கு அடியில் கூடு. நண்பர் ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வண்ணப் பொட்டு வைத்திருந்தார், யார் யார் என்று தெரிய. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். “இதுல ராணி எதுன்னு சொல்லுங்க” என்றார்.

முதுகில் பச்சைப் பொட்டு வைத்த ஒருத்தி ஓயாமல் ரகளை செய்துகொண்டிருந்தாள். ஒரு கூட்டாளியின் காலைக் கடித்தாள். இன்னொருத்தியை ஓரம் வரை துரத்தினாள். மூன்றாவது ஒருத்தியின் மேல் ஏறியே உட்கார்ந்துகொண்டாள். கீழே கிடந்தவள் தலையைத் தாழ்த்தி, உணர்கொம்பை மடக்கி, அசையாமல் இருந்தாள். பச்சைப் பொட்டு இறங்கியதும் அந்தக் கீழே கிடந்தவள் நேராகப் பறந்து வெளியே போனாள். பச்சைப் பொட்டுதான் ராணி என்றேன். அண்ணாச்சி சிரித்தார், அவரும் முதலில் அதையே சொன்னவர்தான்.

ராணி மூலையில் சிவப்புப் பொட்டோடு உட்கார்ந்திருந்தாள். யாரையும் தொடவில்லை. யாரும் அவளைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, வயிற்றின் நுனியைக் கூட்டின் மேல் தேய்த்துக்கொண்டே நாலைந்து அறைகளைக் கடந்து, காலி அறை ஒன்றுக்குள் வயிற்றை நுழைத்து அப்படியே நின்றாள். வெளியே எடுத்தபோது அறைச் சுவரில் ஒரு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தது.

காகிதக் குளவிகளில் அடித்துப் பதவி பிடிப்பவளே ராணி என்பதை 1940களில் இத்தாலியின் லியோ பார்டி போலிஸ்டஸ் கூடுகளில் கண்டு எழுதினார். வெகுகாலம் அதுதான் விதி என்றிருந்தார்கள். அந்த எதிர்பார்ப்போடுதான் பெங்களூரில் ராகவேந்திர கடக்கரும் என்.வி. ஜோஷியும் ரோபாலிடியாவின் ஒவ்வொரு நிமிடச் செயலையும் குறித்து, 1983இல் வெளியிட்டார்கள். கூட்டில் மூன்று வகைப் பெண்கள் இருந்தார்கள்: உட்கார்ந்திருப்பவர்கள், சண்டைக்காரிகள், இரை தேடப் போகிறவர்கள். ராணி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி. அதே பேரினத்தின் இன்னொரு இனம் ரோபாலிடியா சயத்திஃபார்மிஸ். அங்கே ராணியே பெரிய சண்டைக்காரி. மார்ஜினேட்டாவில் ராணி சாது.

அப்படியானால் பச்சைப் பொட்டு எதற்காக அடிக்கிறாள்? ராணியை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். இரை தேடும் வேலை குறையவில்லை. ஆக வேலை வாங்குபவள் ராணி இல்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு பசி என்பது கூட்டிலேயே இருந்து ஊட்டுபவளுக்குத்தான் தெரியும். அவள் வெளியே போகிறவளைக் கடித்தும் மேலே ஏறியும் அதைத் தெரிவிக்கிறாள். கூட்டுக்குத் தேவைக்கு மேல் உணவைக் கையால் கொடுத்தபோது, இரை தேடுகிறவர்கள் வாங்கும் அடி குறைந்தது. நான் சண்டை என்று பார்த்தது, புழு தீர்ந்துவிட்டது என்ற செய்தி. கொஞ்ச நேரத்தில் மிதிபட்டவள் ஒரு பச்சை உருண்டையோடு திரும்பி வந்தாள். பச்சைப் பொட்டு ஓடிப்போய் அதில் பாதியைப் பிய்த்துக்கொண்டு அறை அறையாக ஊட்டத் தொடங்கினாள். பகையின் சுவடே இல்லை.

ராணி அடிக்காமல் எப்படி ஆள்கிறாள்? தேய்த்துக்கொண்டே நடந்தாளே, அதுதான் ஆட்சி. அவள் உடம்பின் டூஃபோர் சுரப்பியிலிருந்து வரும் மணம் கூட்டில் படிகிறது. அதைத் தொட்டு உணரும்வரை மற்றவர்கள் முட்டை இடுவதில்லை. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே வலை கட்டி, ராணியை ஒரு பக்கம் வைத்தார்கள். மறுபக்கம் ராணி இல்லாத கூடாகவே நடந்துகொண்டது. காற்றில் பரவி வலை தாண்டும் மணமில்லை அது. அவள் கால்பட்ட இடத்தில்தான் செல்லும்.

அண்ணாச்சி இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த ராணி செத்துப்போனா அடுத்து யாரு சார்? பச்சப் பொட்டுக்காரிதானே? அந்த அடி அடிக்கா.”

ராணி போன சில நிமிடங்களில் ஒருத்தி எழுந்து மற்ற எல்லோரையும் அடிக்கத் தொடங்குவாள் என்றார் நண்பர். இந்த ஒரு தடவை மட்டும் அடி பதவிக்கானது. பழைய ராணியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் அவள் அடங்கிவிடுவாள். விடாவிட்டால் சில நாளில் முட்டையிடத் தொடங்குவாள். அடியும் படிப்படியாக நின்று, அவளும் ஒரு சாது ராணி ஆகிவிடுவாள். அவளை எதிர்த்து யாரும் போட்டி போடுவதில்லை. அவள் யாராக இருப்பாள் என்பதுதான் நமக்குப் பிடிபடாத இடம். முன்பு அதிகம் அடித்தவளாக இருக்க வேண்டியதில்லை, உடம்பில் பெரியவளாகவும் இருக்க வேண்டியதில்லை. அனிந்திதா பத்ராவும் கடக்கரும் வெட்டிய கூட்டில் ராணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள்: வாரிசு ஒருத்திதான், இரு பக்கத்தாரும் அவளைத் தடையில்லாமல் ஏற்கிறார்கள். அவள் யாரென்று ராணி இருக்கும்போதே குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. 2012இல் அலோக் பாங்கும் கடக்கரும் இன்னும் மேலே போனார்கள். வந்த வாரிசையும் எடுத்தால் அடுத்தவள், அவளையும் எடுத்தால் அதற்கடுத்தவள் என்று சண்டையில்லாத ஒரு வரிசையே இருந்தது.

“அதுகளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாதுங்கீக” என்றார் அண்ணாச்சி.

“ஆமா அண்ணாச்சி.”

“இம்புட்டுப் பொட்டு வச்சுமா?”

“இம்புட்டுப் பொட்டு வச்சும்.”

அவர் ஒத்துக்கொள்வதாக இல்லை. பச்சைப் பொட்டின் மேல் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் பந்தயம் என்றார். நண்பர் எந்தப் பொட்டின் மேலும் கட்டமாட்டேன் என்றார். நானும் கட்டவில்லை, கழுகுமலையிலிருந்து அங்கே வருவதற்குள் அடியை வைத்து எதையும் கணிக்கிற தைரியம் எனக்குப் போயிருந்தது. அண்ணாச்சி பந்தயத்தை ரெண்டு பாக்கெட்டாக உயர்த்திப் பார்த்தார். அப்போதும் ஆள் கிடைக்கவில்லை.